கையகல ஓட்டை

1

வியாழக்கிழமை மத்தியானம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் மகள் கோமளா கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"ம்மா, கைய தொடச்சிக்கினு இத்த பாரு."

பார்த்தேன். ஒரு படம். படம் முழுக்க நீலச் சட்டை போட்ட ஜனங்கள். எல்லார் வாயும் திறந்திருக்கிறது. அவர்கள் தலைக்கு மேலே தொப்பிகள், கல்லெறிந்ததும் மரத்திலிருந்து கிளம்பும் காக்கைகள்போலப் பறக்கின்றன. நடுவில் படிக்கட்டில் ஒரு கிழவி, அரக்குப் புடவையில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். முடி கலைந்திருக்கிறது. கண்ணைப் பார்த்தால் வீடு பற்றி எரிவதைப் பார்த்தவள் மாதிரி இருக்கிறது. அது நான்தான் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பொட்டு நடுவில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பதோடு சரி.

"சனிக்கிழமை பேப்பர்ல பெருசா போடணும்ன்றாங்க" என்றாள் கோமளா. "நீ சரின்னாதான் குடுப்பேன். வேணாம்னா இங்கியே அழிச்சிடறேன். நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள சொல்லணும்."

'வேணாம்னா' என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. காரணம் எனக்குத் தெரியும். அவள் இந்த ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் போட்டோ எடுக்கிறாள். அந்த வேலைக்கு ஆபீசில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இனி ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் பேச வராது என்றால் காதும் கேட்காது என்று அவளுக்கு எண்ணம்.

"நாளைக்கு சொல்றேன்டி" என்றேன். பீன்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஒரு போட்டோவுக்கு இந்தக் கிழவி ஏன் இத்தனை யோசிக்கிறாள் என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோமளா திருப்பதியில் தெலுங்கில் படித்தவள். தமிழ் வாயில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டிப் பார்த்தாலும் நான் எழுதுவது அவளுக்குக் கோலம் மாதிரிதான். அது ஒரு வருத்தம். இன்றைக்கு அது ஒரு தைரியமும்கூட.

2

நான் இருப்பது கனடாவின் நடுவில், மலையே இல்லாத ஒரு ஊர். குளிர்காலம் வந்தால் இங்கே எல்லாரும் பேசுவது ஐஸ் ஹாக்கி ஒன்றுதான். பெரிய கட்டடத்துக்குள் தரையைப் பனிக்கட்டியாக உறைய வைத்து, காலில் கத்தி வைத்த செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் மட்டை. பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வில்லை ஒன்று, ஒரு வடை அளவு இருக்கும். அதை அடித்தால் பஸ்ஸைவிட வேகமாகப் போகுமாம். பார்க்கிறவர்கள் மேல் படாமல் இருக்கச் சுற்றிலும் கனத்த கண்ணாடி.

அந்தக் கண்ணாடியில் படம் எடுக்கிறவர்களுக்காகக் கையகலத்துக்கு ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். கோமளா உட்காருவது அந்த ஓட்டைக்கு நேராக.

வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒருநாள் புருவத்தில் கத்திரிக்காய் நிறத்தில் வீக்கத்தோடு வந்தாள். விழுந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"ஒருத்தன் வந்து கண்ணாடியில மோதினான். காமிரா என் மேல மோதிச்சி. அவ்ளோதான்."

"அந்த ஓட்டைய மூடிட்டு எடுக்கக் கூடாதா?"

"கண்ணாடி பூரா கீறலு கீதும்மா. அது வழியா எடுத்தா படத்துல ஆளவிட கீறலுதான் தெரியும்."

"அந்த ரப்பர் உள்ள வந்துட்டா?"

"அதெல்லாம் வராது. நீ துன்னுட்டு படு."

வராது என்று சொல்கிறவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆட்டம் உள்ள நாளில் எனக்குச் சோறு இறங்காது. ஆட்டத்தில் இடைவேளை விடும்போது அவள் போனில் 'ஓகே' என்று ஒரு வார்த்தை அனுப்புவாள். அது வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்ததும் அடுத்த ஓகேவுக்காகப் பயப்பட ஆரம்பிப்பேன்.

தொழிலைப் பற்றி அவள் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்தது. "ஐஸ் வெள்ளைய பாத்தா காமிரா பயந்துக்கும்மா. வெளிச்சம் ரொம்ப கீதுன்னு நெனச்சி எல்லாத்தையும் இருட்டாக்கிடும். நாமதான் கொஞ்சம் கூட்டி வெச்சிக்கணும்." காமிராவும் பயப்படும் என்று கேட்டபோது எனக்கு ஒரு துணை கிடைத்தமாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்வாள். கோல் விழுந்ததும் மற்ற போட்டோக்காரர்கள் கோல் போட்டவனை எடுப்பார்கள். அவள் உடனே திரும்பி ஜனங்களை எடுப்பாள். இந்தப் பழக்கம் திருப்பதியில் வந்தது. பள்ளி முடித்ததும் மலை அடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்கு இருந்தாள். மொட்டையடித்து வரும் குடும்பங்களை ஏழுமலைப் படம் வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்கவைத்து முதலாளி எடுப்பார். அது முடிந்து, ஒருத்தர் மண்டையை ஒருத்தர் தடவிச் சிரிக்கும்போது கோமளா எடுப்பாள். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப்போனது முதலாளி எடுத்ததை. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தது இவள் எடுத்ததை.

அந்த ஸ்டூடியோவிலும் நான் ஒருமுறைகூட நிற்கவில்லை. காமிரா திரும்பினால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன், இல்லையென்றால் குனிந்துகொள்வேன். என் கல்யாணப் படத்தில் மாலைதான் தெரியும்.

3

"ஒரு தபா வந்து நேர்ல பாத்துடு. அப்புறம் பயப்பட மாட்ட" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். இந்த ஊர் அணி தோற்றால் இந்த வருஷத்துக்கு வீட்டுக்குப் போகவேண்டிய கட்டம் என்றாள்.

அவள் பக்கமாக உட்கார எனக்கு ஒரு பாஸ் வாங்கவேண்டியிருந்தது. அதற்கும் ஒரு போட்டோ. கவுண்டரில் இருந்த பெண், வாயை மூடியிருந்த கழுத்துத் துணியை இறக்கு என்று விரலால் காட்டினாள். இறக்கினேன். பிறந்த ஊர் கேட்டாள். நகரி என்றேன். எந்த மாநிலம் என்றாள். பிறந்தபோது மதராஸ். ஸ்கூலுக்குப் போகும்போது ஆந்திரா. இத்தனைக்கும் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. எதைச் சொன்னால் தப்பாகும் என்று தெரியாமல் கோமளாவைப் பார்த்தேன். "ஆந்திரா" என்று அவள் பட்டென்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நல்லதாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்று அரக்குப் புடவை கட்டி, மேலே பழுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டேன். உள்ளே போனபிறகுதான் தெரிந்தது, மொத்தக் கூட்டமும் நீலம். தலை நீலம், முகம் நீலம், ஆட்டுவதற்குக் கையில் நீலத் துண்டு. வாசலில் ஒருவர் எனக்கும் ஒன்று நீட்டினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். ஒரு நிறத்தைக் கையில் வாங்கினால் ஒரு பக்கம் சேர்ந்தமாதிரி ஆகிவிடும். அப்புறம்தான் பார்த்தேன், எதிரணிக்குச் சிவப்பு. கோட்டுக்குக் கீழே என் புடவை தரைவரைக்கும் தெரிகிறது.

என்னை உட்காரவைத்துவிட்டுக் கோமளா கீழே ஓட்டைக்குப் போய்விட்டாள். சில வரிசைதான் தூரம். அவள் முதுகும் பின்னலும் தெரிந்தன.

பக்கத்து நாற்காலியில் பெரிய சரீரத்தோடு ஒரு அம்மாள், பாதி முகத்தில் நீலம் பூசியிருந்தாள். பெயர் டோனா. என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "சிவப்பா! தைரியம்தான்!" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"நோ சைடு" என்றேன். கீழே கோமளாவைக் காட்டி, "மதர்" என்றேன்.

"மதர்!" என்று அவள் முன்வரிசை, பின்வரிசை எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம்போல இருந்தது. அவள் என் மடியில் ஒரு டப்பா சோளப்பொரியை வைத்தாள்.

அவள் புருஷனுக்கு நெஞ்சுவரை தாடி. பக்கத்தில் இன்னும் சிலருக்கும் அப்படியே. எனக்குப் பார்த்ததும் புரிந்தமாதிரி இருந்தது. தாடியைக் காட்டி, "காட்? ப்ரேயர்?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமாம், ப்ரேயர்தான்!" என்றார். அணி ஜெயிக்கும்வரை, இல்லை தோற்று வெளியே போகும்வரை, சிரைக்க மாட்டார்களாம். ஆட்டக்காரர்களும் அப்படித்தானாம். திருப்பதிக்கு முடி வளர்க்கிறது மாதிரியே இருக்கிறதே என்று, என் தலைமேல் கத்தி ஓடுவதுபோல் விரலால் காட்டினேன். அவர் தன் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். டோனா என் முதுகில் ஒரு அடி வைத்துச் சிரித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயம் விட்டிருந்தது.

4

இப்போது, என் யோசனைக்கெல்லாம் காரணமான இன்னொரு போட்டோவைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று சண்டை நடந்த காலம். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போகும், நகரி ஆந்திராவில் நிற்கும், இல்லை இரண்டும் போகும், இரண்டும் நிற்கும் என்று தினம் ஒரு பேச்சு. என் நைனா, அதாவது அப்பா, டெய்லர். தமிழ்ப் பக்கத்துக்காரர்களும் அவரிடம்தான் கொடி தைத்தார்கள், தெலுங்குப் பக்கத்துக்காரர்களும் அவரிடம்தான் தைத்தார்கள். அவருக்குத் துணி தெரியும், நூல் தெரியும். வேறு எதிலும் வாய் கொடுக்க மாட்டார். என்னைவிடக் கூச்சக்காரர்.

ஒருநாள் தமிழ்ப் பக்கத்துக் கூட்டம் நடந்தது. புத்தூரிலிருந்து போட்டோக்காரர் ஒருவர் முக்காலி, கறுப்புத் துணியோடு வந்திருந்தார். தைத்த கொடியைக் கொடுக்கப்போன நைனாவை, நீயும் வந்து நில்லய்யா என்று இழுத்துக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு படம் வந்தது. அம்மா அதைச் சுவரில் மாட்டினாள். நைனாவை எடுத்த ஒரே படம் அதுதான்.

கொஞ்ச நாளில் காற்று மாறியது. அந்தப் படத்தில் நின்றவர்களைத் தெலுங்குப் பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் தேடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. யாரோ ஒருவர் கையில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக, இது யாரு, இவன் வீடு எது என்று கேட்கிறாராம். அம்மா அன்று காலை படத்தை இறக்கி, நைனாவின் கத்தரிக்கோல் முனையால் அவர் முகத்தைச் சுரண்டினாள்.

"இன்னாமே பண்ற?" என்றார் நைனா. "அவங்கிட்ட இன்னொரு படம் கீதே."

"அவங்கிட்ட கீறது இருக்கட்டும். நம்ம வூட்ல இருக்கக் கூடாது."

பயந்தவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். நைனா தைக்க உட்கார்ந்துவிட்டார். சுரண்டிய தூள் அம்மாவின் மடியில் சாம்பல்போல் கிடந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ தெருவில் கூட்டம் வந்தது. முதலில் சத்தம். அப்புறம் ஒரு செருப்பு காற்றில் சுழன்று வந்து எங்கள் கூரை ஓட்டில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள்கூட. செருப்புக்குப் பிறகு ஒரு தலைப்பாகைத் துணி, ஒரு கூடை. அதற்குப் பிறகுதான் கல். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் கதவைத் திறந்து, "லோபலிக்கி ரா! உள்ள வாம்மே, சீக்கிரம்!" என்று என்னையும் அம்மாவையும் மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளினாள். நைனா பின்பக்கம் குதித்தார். குதிப்பதற்குமுன் எங்களைத் திரும்பிப் பார்த்தார் என்று அம்மா சொல்வாள்.

அவர் திருத்தணியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு, எல்லாம் அடங்கியபிறகு திரும்பி வந்தார். அன்று கல்லெறிந்த கூட்டத்தில் இருந்த ஒருவருக்கே தீபாவளிச் சட்டையும் தைத்துக்கொடுத்தார். யார் யாரை மன்னித்தார்கள் என்று தெரியாது. எல்லை முடிவாகி நாங்கள் ஆந்திராவில் நின்றோம். சில வருஷத்தில் காய்ச்சல் கண்டு நைனா போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது அந்தப் படம். கடைசி வரிசையில் ஒரு சட்டை, அதற்குமேல் வெள்ளையாக ஒரு ஓட்டை.

எனக்கு இப்போது அவர் முகம் ஞாபகம் இல்லை. கை ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. அம்மா உயிரோடு இருந்தவரை, "நீ உங்க நைனா அச்சுடி" என்பாள். அதை ஒத்துப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

5

ஆட்டத்துக்கு வருகிறேன். இந்த ஊர் நீல அணியில் ஒருவன் ஒரு கோல் போட்டான். கப்பல் ஊதுவதுபோல் சங்கு ஊதியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். நடுவில் இரண்டு பேர் கையுறையை உதறிவிட்டு அடித்துக்கொண்டார்கள். விலக்க வேண்டியவர்கள் பக்கத்திலேயே நின்று, அடித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். டோனாகூட. சோளப்பொரி கொடுத்த அதே கை. சோளப்பொரி டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் கோல் போட்ட அதே ஆள் இரண்டாவது கோலும் போட்டான். கோமளா திரும்பித் திரும்பி ஜனங்களை எடுத்தாள். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலைக் காட்டினாள். நான் முந்தானையைத் தேடினேன்.

மூன்றாவது கோலையும் அவனே போட்டான். சங்கு ஊதியது. அப்போது என் தலைக்கு மேலே, பின்னாலிருந்து ஏதோ ஒன்று சுழன்றுகொண்டு போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்து ஒன்று. அடுத்து நாலாபக்கமும். எல்லாரும் எழுந்து கத்திக்கொண்டே எறிகிறார்கள். டோனாவின் புருஷனும் எறிந்தார். முதலில் செருப்பு, அப்புறம் துணி, அப்புறம் கல். என் உடம்புக்கு அந்த வரிசை தெரியும். அடுத்தது கல்தான். கோமளா கண்ணாடியோரம், எல்லாருக்கும் முன்னால், ஓட்டைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்து ஓடினேன். டோனா கோட்டைப் பிடித்தாள். கோட்டு அவள் கையோடு போய்விட்டது. அந்த நீலத்துக்கு நடுவில் சிவப்பாக நான் படியிறங்கினேன். கையால் முகத்தை மூட மறந்துபோனது. "லோபலிக்கி ரா! கோமளா, லோபலிக்கி ரா!" என்று கத்தினேன். ஏன் தெலுங்கு வந்தது என்று தெரியவில்லை. எங்கே உள்ளே என்றும் தெரியவில்லை.

வழக்கம்போல அவள் ஜனங்களை எடுக்கத் திரும்பினாள். அவள் முகத்தில் காமிரா இருந்தது. பிறகு இறக்கினாள்.

"ம்மா! ம்மா, இன்னாச்சி? ஒண்ணும் இல்லம்மா, தொப்பி. தொப்பிதான்!" என்று கட்டிக்கொண்டாள். "ஒருத்தனே மூணு கோல் போட்டா சந்தோஷத்துல போடுவாங்க. அதான் வழக்கம்."

பனிமேல் நூற்றுக்கணக்கில் தொப்பி கிடந்தது. ஆட்கள் வந்து வாரி வாரிக் கூடையில் போட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "திருப்பிக் குடுப்பாங்களா?" என்றேன்.

"குடுக்க மாட்டாங்க."

"அய்ய, நல்ல தொப்பிய ஏன்டி எறியறாங்க?"

"நீ உண்டியல்ல போட்டத திருப்பிக் கேப்பியா?" என்று சிரித்தாள். ஆனால் என் முதுகிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. "நீன்னு தெரியறதுக்குள்ள விரல் அமுக்கிடுச்சிம்மா" என்று அப்போதே சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

6

நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்றுதான் முடிவு பண்ணியிருந்தேன். பேப்பரில் வந்தால் பஸ்ஸில் பார்ப்பார்கள், கடையில் பார்ப்பார்கள். சிவப்புக் கட்டிக்கொண்டு வந்தவள் இவள்தான் என்று விரல் நீட்டுவார்கள். இது வேறு ஊர், வேறு காலம், தொப்பிதான் எறிந்தார்கள் என்று எனக்கும் தெரிகிறது. தெரிந்து என்ன?

இன்று சாயந்தரம் கோமளா மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபமே படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரிம்மா, வுடு. அழிச்சிடறேன்" என்று விரலைக் கொண்டுபோனாள்.

"சொரண்டாத!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா சொரண்டறது?"

அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த வயதுவரை நான் சொன்னதே இல்லை. சொன்னேன். கொடி, புத்தூர் போட்டோக்காரர், கத்தரிக்கோல், செருப்பு, மாட்டுக் கொட்டகை எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவள் படத்தில் என் முகத்தை மட்டும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். விரிந்த கண், திறந்த வாய், கழுத்து நரம்பு.

"தாத்தா இப்டித்தான் இருப்பாரா?"

"அச்சுன்னு சொல்வா எங்கம்மா."

பின்பக்கம் குதிக்குமுன் திரும்பிப் பார்த்த முகம். இப்படித்தான் இருந்திருக்கும். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த வெள்ளை ஓட்டைக்குள் வைத்துப் பார்க்க என்னிடம் இன்று ஒரு முகம் இருக்கிறது.

"குடுத்துடு" என்றேன். "பேர் போடாத."

"பேர் இல்லாம போட மாட்டாங்கம்மா."

படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். "அப்ப நகரின்னும் சேத்துப் போடு."

அனுப்பிவிட்டாள். திரும்ப வாங்க முடியாதாம். இதை எழுதும்போதே வாசல் கதவைப் போய் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன், தாழ் விழுந்திருக்கிறதா என்று. இங்கே பேப்பர் போடுகிறவர் வண்டியை நிறுத்த மாட்டார். தெருவிலிருந்தபடியே எறிந்துவிட்டுப் போவார். அது சுழன்று வந்து கதவில் மோதும். தினமும் அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தூக்கிப்போடும். நாளைக் காலை எறியப்போகிறதில் எங்கள் முகம் இருக்கும். கதவை நானே திறந்து எடுக்கவேண்டும்.